முக்கால் நூல் உயரம்

"இஞ்சினைப் பிரிச்சுக் காட்டுங்க."

சௌந்திரம் கேட்டேவிட்டாள். நாமகிரிப்பேட்டையில் பஸ் ஏற்றிவிடும்போது அம்மா சென்னியம்மாள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வண்டிய வாங்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு வந்து சேரோணும். மாப்பிள்ளை ஊட்டுச் சீரை நகைக்கடைக்காரனாட்ட உரசிப் பாத்துட்டு நிக்காத." தம்பி சரவணமுத்து, இரண்டு பஸ் மாறிச் சங்ககிரியில் இறங்கும்வரை அவள் முந்தானையைப் பிடித்துப் பிடித்து இழுத்தான். "அக்கா, வேற என்ன வேணாலும் கேளு. பிரிச்சுக் காட்டச் சொல்லி மட்டும் கேக்காத. என்ற மானமே போயிரும்." இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து விழுங்கித்தான் வந்தாள். பட்டறையில் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது அது தானாக வெளியே வந்துவிட்டது.

வெங்கடாசலம் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். பட்டறை அவருடையது. அடுத்த மாதம் அவளுக்கு மாமனாராகப் போகிறவர்.

"என்ன சொன்னே, அம்மிணி?"

"இஞ்சினைப் பிரிச்சுக் காட்டுங்கன்னு சொன்னேனுங்க மாமா. ஹெட்டு, சிலிண்டரு, பிஸ்டன், மூணையும் பாக்கோணும்."

"பாத்து?"

"பாத்துட்டு எடுத்துட்டுப் போறமுங்க."

அவர் சிரித்தார். மகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா மயிலு, நாம பொண்ணு பாக்கப் போனப்ப இந்தப் புள்ள வாயத் தொறக்கச் சொல்லிப் பல்லையா எண்ணிப் பாத்தோம்?"

"பல்ல எண்ணலீங்க. மார்க்சீட்டக் கேட்டு வாங்கிப் பாத்தீங்க" என்றாள் சௌந்திரம்.

சரவணமுத்து ஊன்றுகோலின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். மயில்சாமி, எண்ணெய்க் கையைக் கழிவுத்துணியில் துடைத்தபடி நின்றவன், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தான்.

வண்டி கொட்டகையின் நடுவே புதுப்பெண் மாதிரி நின்றது. பழைய இருநூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிளின் முன்பாதி அப்படியே இருக்க, பின்னால் லேத்தில் கடைந்த அச்சில் இரண்டு சக்கரங்கள். அகலமான இருக்கை. ஊன்றுகோலைச் செருகிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு குழாய். வலது கால் சூம்பிப்போனவன் உதைத்துக் கிளப்ப முடியாதல்லவா, அதற்காக உதைகட்டை இருந்த இடத்தில் கையால் இழுக்கும் இரும்புத் தண்டு. காலால் மிதிக்கும் பிரேக்கையும் மயில்சாமி இடது கைப்பிடிக்கே கொண்டுவந்திருந்தான். கிளட்சுக் கம்பி மேலே, பிரேக்குக் கம்பி அதற்கு ஒரு விரல் கீழே. பச்சைப் பெயிண்ட் இன்னும் மணத்தது. விளக்குக்கு மேலே சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையும். பூசை போட்டு வைத்திருந்தார்கள்.

நிச்சயத்துக்கு உப்புச் சக்கரை மாற்றி முடிந்த அன்றே, யாரும் கேட்காமல், இந்த வண்டியை மச்சினனுக்குச் செய்கிறோம் என்று சபையில் எழுந்து சொன்னவன் மயில்சாமி. ஊர் வாயைப் பிளந்தது. சீர் என்றால் பெண் வீட்டிலிருந்து போவதுதான் வழக்கம். மாப்பிள்ளை பெண்ணின் தம்பிக்கு வண்டி செய்து கொடுக்கிறானா? சென்னியம்மாள் அன்றைக்கு அழுத அழுகையில் அவள் முப்பது வருசம் அழாமல் வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. சரவணமுத்துவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ் போகும் நேரத்துக்குச் சங்கம் திறக்காது, சங்கம் திறக்கும் நேரத்துக்குப் பஸ் இல்லை. வண்டி இருந்தால் வேலை உண்டு.

இதெல்லாம் சௌந்திரத்துக்குத் தெரியாதா? தெரியும். போன வாரம் மயில்சாமி வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தம்பியை ஓட்டிப் பார்க்கச் சொன்னபோது, அவளும்தான் மஞ்சள் காட்டு வரப்பில் நின்று கைதட்டினாள். தட்டிய கை பாதியில் நின்றது. மெதுவாகப் போனபோது அந்த இஞ்சின் இருமியது, திணறியது, செத்துவிடும்போல் இழுத்தது. கைப்பிடியைப் பாதிக்கு மேல் திருகியதும் ஒரே அலறல். வண்டி தம்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. வாய்க்கால் கரையை அவன் மெதுவாக ஏற முடியவில்லை, பாய்ந்துதான் ஏறினான். இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. அக்காவால் சிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் அவள் படித்த பிஎஸ்சி பௌதிகம் இல்லை. அவர்கள் வீட்டில் மருந்தடிக்கும் மோட்டார் ஒன்று இருக்கிறது. முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பது, அதுவும் டூ ஸ்ட்ரோக்தான், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவது. அப்பா போனபின் அதைக் கழற்றிக் கரி சுரண்டி மாட்டுவது அவள் வேலை. புகை வெளியேறும் வாயை மூங்கில் சிம்பால் சுரண்டுவாள். ஒரு தடவை கூலிக்கு வந்தவன் ஆயில் கலக்காமல் ஊற்றி ஓட்டினான். பிஸ்டன் சூட்டில் உப்பிச் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. ஜாம். முதுகில் இருந்த மோட்டார் நின்றதால் அவன் திட்டிவிட்டு இறக்கி வைத்தான். அதுவே சக்கரத்தோடு பூட்டிய இஞ்சினாக இருந்தால்? சக்கரம் பூட்டிக்கொள்ளும். ரோட்டில் பின்னால் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும்.

"போன வாரமே கேட்டேனுங்க" என்றாள் மயில்சாமியிடம். "உள்ள ஏதாவது கை வெச்சிருக்குதான்னு. கம்பெனில வந்தது வந்தபடி இருக்குதுன்னு எங்கம்மா முன்னால சொன்னீங்க."

"ஆமாங்க."

"அப்பப் பிரிக்கறதுக்கு என்னங்க?"

"பிரிச்சா கேஸ்கட் மாத்தோணுமுங்க..."

"மாத்துங்க. நான் உக்காந்திருக்கறேன்."

வெங்கடாசலம் கடலைத் தோலை ஊதித் தள்ளினார். "பிரிச்சுக் காட்டுடா. படிச்ச புள்ள. நம்ம லாரிக்காரனுகளாட்ட, போட்டுக் குடுத்தத ஓட்டிட்டுப் போற சாதியா? காட்டு. காட்டுன பொறகு நான் ஒண்ணு கேப்பேன் அம்மிணி. அதுக்கும் இதே மாதிரி பட்டுனு பதில் சொல்லோணும்."

"சொல்றேனுங்க."

"அக்கா, போலாம்" என்றான் சரவணமுத்து. அவன் குரலில் கெஞ்சல் மட்டும் இல்லை, வேறு ஏதோ இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது முழங்கையில் கட்டு. கோழிப்பண்ணைக் கம்பி கிழித்தது என்று சொல்லியிருந்தான்.

மயில்சாமி முதலில் பிளக்கைக் கழற்றினான். அவள் கையை நீட்டினாள், கொடுத்தான். பிளக்கின் நுனிப் பீங்கான் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். இது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, உள்ளே சூடு மிஞ்சியதன் அடையாளம்.

"காத்து வடிகட்டி எங்கீங்க?"

"அது... சீட்டுல இடிச்சுதுங்க. எடுத்துட்டேன்."

"எடுத்தா காத்து ஏகமாப் போயி பெட்ரோலு பத்தாம வேகுமுங்களே."

"பெட்ரோலு வர்ற ஜெட்டைப் பெருசு பண்ணிச் சரிக்கட்டியிருக்கறனுங்க."

"கை வெக்கலைன்னீங்க."

அவன் ஸ்பானரை எடுத்துக் குனிந்தான். அவன் காது மடல் சிவந்திருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, காபியை அவள் கையிலிருந்து வாங்கும்போதும் அந்தக் காது அப்படித்தான் சிவந்தது. ஊரில் எல்லா மாப்பிள்ளையும் பெண்ணின் தோளுக்கு மேலே சுவரைப் பார்ப்பான், இவன் மட்டும் அவள் முகத்தைப் பார்த்து, "வேலைக்குப் போறதுன்னா போங்க, எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் தலையை ஆட்டினாள்.

ஹெட் வந்தது. அவள் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். சிலிண்டரின் மேல் உட்காரும் முகத்தில், இசைத்தட்டுக் கோடுகள் மாதிரி, மெல்லிய வட்ட வட்டமாகத் தடம்.

"லேத்துல குடுத்துச் சீவுனதுங்களா?"

"லேசா வளஞ்சிருந்துதுங்க. மட்டம் பண்ணுனேன்."

வேகம் கூட்டவும் அப்படிச் சீவுவார்கள், ஆனால் அவன் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். பழைய ஹெட்டு வளையும், சீவுவார்கள். அவள் மேலே கேட்கவில்லை. சிலிண்டர் வந்தது. புகை வெளியேறும் வாயை விரலால் தடவினாள். வீட்டு மோட்டாரில் அந்த விளிம்பு சொரசொரவென்று, வார்ப்பில் வந்த மண் தடத்தோடு இருக்கும். இது வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஆனால் வழுக்குவதை வைத்து என்ன சொல்ல முடியும்? பெரிய கம்பெனி, வழவழப்பாகவே செய்திருக்கலாம். தான் ஒரு மருந்தடிக்கிற மோட்டாரை வைத்துக்கொண்டு, ஊர் மெச்சுகிற சீரை, மாமனார் முன்னால் சந்தி சிரிக்க வைக்கிறோமோ என்று சிலிண்டரைக் கீழே வைக்கப் போனாள்.

அப்போதுதான் ஓரத்து மேசையைப் பார்த்தாள். அதே மாதிரி இன்னொரு சிலிண்டர், இன்னொரு பிஸ்டன், எண்ணெய் துடைத்துத் துணி மேல் வைத்திருந்தது.

"அது எதுதுங்க?"

"கந்தப்பன் வண்டிதுங்க" என்றான் மயில்சாமி, நிமிராமலே. "ஈபி லைன்மேன். பிஸ்டன் ரிங் மாத்த விட்டிருக்கறாரு. இன்னிக்குப் பொழுது சாய வந்து எடுப்பாரு."

"இதே மாடலுங்களா?"

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாடலு அதேதான்" என்றார் வெங்கடாசலம். "அதுக்கென்ன?"

சௌந்திரம் சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரில் கிழிக்காமல் கிடந்த போன மாதத்துத் தாள்கள் இரண்டைக் கிழித்தாள். ஒன்றைச் சுருட்டிக் கந்தப்பன் சிலிண்டருக்குள் நுழைத்து, உள்சுவரோடு ஒட்ட விரித்துவிட்டாள். கட்டை விரலைத் தரையில் கிடந்த கரி எண்ணெயில் தொட்டு, தாளை உள்ளிருந்து தேய்த்தாள். ஓட்டை இருக்கும் இடத்தில் விளிம்பு கறுப்பாகப் பதிந்தது. தாளை உருவி மேசையில் விரித்தாள். இரண்டாவது தாளைத் தம்பியின் சிலிண்டரில் அதேபோல். பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக, அடி விளிம்பு சேர, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள்.

பக்கவாட்டில் இருந்த மற்ற வாய்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தின. புகை வாய் பொருந்தவில்லை. தம்பியுடையது மேலே ஏறியிருந்தது. பக்கவாட்டிலும் காது மாதிரி அகன்றிருந்தது.

"ஒரு ஸ்கேல் குடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. அவளே மேசையிலிருந்து எடுத்தாள்.

"முக்கால் நூல்" என்றாள். பட்டறைக்காரர்கள் கணக்கு அது, அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். "முக்கால் நூல் மேல அராவி இருக்குது. கம்பெனிலயா அரம் போட்டாங்க?"

இரண்டு பிஸ்டனையும் எடுத்துத் தலைகீழாக மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். கந்தப்பனுடையதில் பாவாடை மாதிரி இறங்கும் அடிப்பாகம் சுற்றிலும் ஒரே உயரம். தம்பியுடையதில் பெட்ரோல் உள்ளே வரும் பக்கம் மட்டும் கூடுதலாக வெட்டியிருந்தது. குட்டைப் பாவாடை.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கை பிஸ்டனைத் திருப்பியிருந்தது.

புகை வாய்ப் பக்கம், மேலிருந்து கீழாக நீளக் கோடுகள். உருகி இழுபட்ட கோடுகள். அவற்றின் மேல் குறுக்கே, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுப்பிய கீறல்கள், இன்னும் பளபளப்பு மாறாத புதுக் கீறல்கள். கூலிக்காரன் ஆயில் ஊற்றாமல் ஓட்டினானே, அந்த மோட்டாரின் பிஸ்டனை அவள் தன் கையால் இப்படித்தான் தேய்த்திருந்தாள்.

"இது ஜாம் ஆயிருக்குது."

கொட்டகைக்கு வெளியே லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப?"

மயில்சாமி தரையைப் பார்த்தான். சௌந்திரம் அவனைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள், அவன் முழங்கையைப் பார்த்தாள்.

"கோழிப்பண்ணைக் கம்பியாடா?"

"அக்கா..."

"சொல்றா!"

"பாலத்து எறக்கத்துல." அவன் குரல் கம்மியது. "போன வாரம் நீ ஊட்டுக்குள்ள போயிட்ட. மச்சானும் நானும் மெயின் ரோடு வரைக்கும் போனம். நல்லாத்தான் போச்சு. திடீர்னு கீச்சுனு ஒரு சத்தம். டக்குனு நின்னுருச்சு. கிளட்சப் புடிக்கோணும்னு தெரியும். பதட்டத்துல கீழ இருந்த பிரேக்கப் புடிச்சுட்டேன். அப்படியே பக்கவாட்டுல இழுத்துட்டுப் போச்சு. பின்னால வந்த பஸ்ஸு..." நிறுத்தினான். "பஸ்ஸுக்காரன் ஒடிச்சுட்டுப் போயிட்டான். ஒண்ணும் ஆகலீல்ல. ஒண்ணும் ஆகலக்கா."

"ஒண்ணும் ஆகல."

"சொன்னா நீ வண்டியே வேண்டாம்னுருவ. எனக்கு வண்டி வேணும். எட்டாங்கிளாசு வரைக்கும் என்ன நீ முதுகுல தூக்கிட்டுப் போன. நான் கேட்டனா? எனக்கு எப்பிடி இருந்துதுன்னு ஒருநாளாவது கேட்டிருக்கறயா?"

அவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள். இப்போது அதற்கு நேரமில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள் மயில்சாமியிடம்.

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "அது என்ற ரேஸ் இஞ்சினுங்க. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஏரிக்குள்ள ஓட்டுவோம், வறண்டு கெடக்குமுங்களே. மூணு வருசமா அத ஒருத்தனும் ஜெயிச்சதில்லீங்க. அந்தப் பொகை போர்ட்டுக்கு ஒரு மழக்காலம் பூராவும் ஒக்காந்து அரம் புடிச்சேன். வேற ஒரு சப்ப இஞ்சினு கெடந்துது. அதப் போட்டுக் குடுத்திருக்கலாமுங்க. மச்சினனுக்குச் சப்ப இஞ்சினையா குடுக்கறது? நொண்டிக்கு ஏதோ ஒண்ணு ஓடுனாப் போதும்னு குடுத்தான்னு ஊரு பேசாதுங்களா? எங்கிட்ட இருக்கறதுலயே எது பெருசோ அதக் குடுத்தனுங்க."

அவன் சொல்வது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் ஆசையாக, மாலை போட்டு, பொட்டு வைத்து, தம்பியைக் கொல்லப் பார்த்திருக்கிறான்.

"ஏரிக்குள்ள ரெண்டு நிமிசம் ஓட்டறதுக்குப் பண்ணுனதுங்க இது" என்றாள். குரலை அடக்கி வைத்துக்கொண்டாள். "முழு வேகத்துலதான் இதுக்கு உசுரு. அவன் மெதுவாத்தான் ஓட்டோணும், ஆளோட பாரத்த இழுக்கோணும், வெயில்ல அரைமணி நேரம் போகோணும். வேகும், ஜாம் ஆகும். ஆகிருச்சு. ஆனதத் தேச்சு மறச்சு மறுபடியும் மாட்டியிருக்கறீங்க."

"தேச்சுட்டா ஓடுமுங்க. ஆயிலு கூடப் போட்டா..."

"சரி, உடு" என்று வெங்கடாசலம் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிவிட்டார். கோபமாக இல்லை. கணக்குத் தீர்க்கிறவர் மாதிரி நிதானமாக இருந்தார். "புள்ள சொல்றது நாயந்தான். இந்தப் பயலுக்கு வெறி. நான்தான் பாத்திருக்கோணும். இப்ப என்ன, கம்பெனி சிலிண்டரு வேணும். அவ்வளவுதானே?" மேசையைக் காட்டினார். "அத எடுத்து இதுல போடு. பிஸ்டனு, ஹெட்டு, கார்ப்ரேட்டரு எல்லாம் சேத்தி. இத அதுல மாட்டீரு. பொழுதுக்குள்ள ரெண்டு வண்டியும் ரெடி. தம்பி ஜம்முனு ஓட்டிட்டுப் போவாப்ல."

சரவணமுத்துவின் முகத்தில் விளக்குப் போட்டது மாதிரி வெளிச்சம் வந்தது.

சௌந்திரத்துக்கும் வந்தது. அதை அவள் பின்னால் மறுக்கவே முடியாது. தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின, நல்ல மூச்சு ஒன்று விட்டாள். தம்பி பிழைத்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போவான். கல்யாணமும் நிற்காது. அம்மா அழ மாட்டாள். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு இன்னொரு வண்டி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"கந்தப்பன் கேக்க மாட்டாருங்களா அப்பா?" என்றான் மயில்சாமி.

"அவன் எதக் கண்டான்? சிலிண்டர்ல நம்பரா அடிச்சிருக்குது? ரிங்கு புதுசு, வண்டி பறக்குதுன்னு சந்தோசமாப் போவான். கேட்டா கேக்கறப்பப் பாத்துக்கலாம். பட்டறைன்னா ஒண்ணுல இருந்து ஒண்ணு மாத்திப் போடறதுதான். இங்க எவன் வண்டில எவன் சாமான் ஓடுதுன்னு எனக்கே தெரியாது."

மயில்சாமி தலையாட்டினான். அவன் அந்தத் தலையை ஆட்டிய விதம் அவள் கண்ணில் விழுந்தது. தயங்கவில்லை. பழகிய தலை.

அவள் எழுந்து போய்க் கந்தப்பன் வண்டியைப் பார்த்தாள். சிலிண்டர் இல்லாமல், கார்ப்ரேட்டர் தொங்க, சுவரோரம் சாய்ந்திருந்தது. பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு துண்டை நாலாக மடித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. குழந்தை உட்கார. நடுவில் துண்டு குழிந்து, வெளுத்திருந்தது.

"இதுல யாரு உக்காருவாங்க?"

"அவரு சின்னப் புள்ள உக்காருமுங்க" என்றான் மயில்சாமி. "கான்வென்ட்டுல கொண்டுபோயி உடுவாரு. அது பாட்டுக்கு ரோடு பூரா பாட்டுப் பாடிட்டே வருமுங்க." சொல்லி முடித்ததும் அவன் கண் மேசையில் இருந்த சிலிண்டருக்குப் போயிற்று. பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"ஏனுங்க மாமா, இந்தச் சிலிண்டர அவரு வண்டில மாட்டப் போறது நெசமாலுமா?"

"அதான் சொன்னனே."

"ஜாம் ஆனா அந்தப் புள்ள டேங்கு மேல இருந்து எங்க போயி உழுகும்?"

"ஆகும்போது பாத்துக்கலாம். ஏன் அம்மிணி, உன்ற தம்பிக்கு ஆகாதுன்னு சொன்ன, நான் மாத்தித் தாரேன்னேன். இன்னும் என்ன? ஊருக்கெல்லாம் நீ காவலா?"

"சப்ப இஞ்சினு ஒண்ணு கெடக்குதுன்னாரே, அத இதுல போடுங்க. கந்தப்பனோடத கந்தப்பனுக்கே போடுங்க."

"அது சப்பயும் இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள கிராங்குத் தண்டே போயிருச்சு. அதச் சரி பண்ண ஒரு மாசம் ஆகும். உன்ற தம்பி திங்கக்கெழமை வேலைக்குப் போகோணும்." வெங்கடாசலம் கிட்டே வந்தார். குரலைத் தணித்தார். "இப்ப நான் கேக்கறேன்னு சொன்னனே, அதக் கேக்கறேன். நாளைக்கு நீ இந்தக் குடும்பத்துல ஒருத்தி. இந்தப் பட்டறை சோறுதான் நீயும் திங்கோணும், உன்ற புள்ளைகளும் திங்கோணும். இங்க நடக்கறது இங்கயே இருக்கோணும். இருக்குமா, இருக்காதா? பட்டுனு சொல்லு."

"அக்கா, சரின்னு சொல்லு" என்றான் சரவணமுத்து. "அக்கா. தயவுபண்ணிச் சரின்னு சொல்லு."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கண்ணில் வண்டி மட்டும் இருந்தது. அவனைக் குறை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கொஞ்சம் முன்னால் அவளும் அதே மூச்சைத்தான் விட்டாள்.

பட்டென்று சொல்லச் சொன்னார். அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தத் துண்டைப் பார்த்தபோதே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. இப்போது அதை வாயால் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"இருக்காதுங்க" என்றாள்.

காலண்டர் தாள்கள் இரண்டையும் மேசையிலேயே விட்டாள். கைப்பையைத் தோளில் போட்டாள்.

"எங்க போறீங்க?" என்று மயில்சாமி ஓரடி முன்னால் வந்தான். எண்ணெய்க் கையால் அவளைத் தடுக்க நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டான். "ஏனுங்க, நில்லுங்க. நான் மாட்டலீங்க. உங்க மேல ஆணையா நான் மாட்ட மாட்டனுங்க."

"போன வாரமும் இப்படித்தானுங்க சொன்னீங்க."

"டேய், உடுறா" என்றார் வெங்கடாசலம். பிறகு அவளிடம், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "கந்தப்பங்கிட்டப் போயி வாயத் தொறந்தீன்னா, கல்யாணப் பந்தக்காரனுக்கு நான் ஆளு உட்ருவேன். வேண்டாம்னு சொல்லி. ரோசன பண்ணிக்க."

"இன்னிக்கே உட்ருங்க மாமா. லேட்டாப் போனா அவரு மூங்கிலு எறக்கீருவாரு."

சரவணமுத்து ஊன்றுகோலை ஊன்றி எழ முயன்றான். பாதியில் உட்கார்ந்தான். "அப்ப நான்? என்ற வேலை?"

"திங்கக்கெழம வெடியால அஞ்சு மணி பஸ்ஸுக்கு எந்திரி" என்றாள். "சங்கம் தொறக்கற வரைக்கும் வாசல்ல உக்காந்திரு. நானும் வாரேன், கூட உக்காந்துக்கறேன். முதுகுல தூக்க மாட்டேன். இப்ப வாறதுன்னா வா, இருக்கறதுன்னா இரு."

அவன் வண்டியைப் பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பாடி கட்டுகிறவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டு ஒரு கல்யாணப்பெண் தனியாக, அதுவும் மாப்பிள்ளை வீட்டுப் பட்டறையிலிருந்து, விடுவிடுவென்று போவதைப் பார்த்தார்கள். மெயின் ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதிரே சைக்கிளில் வந்தவரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏனுங்க, ஈபி ஆபீசு எந்தப் பக்கமுங்க?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் நடந்தாள்.